ட்ரோனில் ஜிபிஎஸ் கிடைக்கவில்லையா? முதலில் கேமராவை அணைத்துப் பாருங்கள்

புதிய ஜிபிஎஸ் மாட்யூல் வாங்குவதற்கு முன், புரொப்பெல்லர்களைக் கழற்றிய ட்ரோனைத் திறந்தவெளியில் வைத்து, கேமரா, வீடியோ டிரான்ஸ்மிட்டர் (கேமரா படத்தைத் தரைக்கு அனுப்பும் கருவி) ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பொறுத்து, திரையில் தெரியும் செயற்கைக்கோள் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். எதை அணைத்ததும் எண்ணிக்கை தெளிவாக ஏறுகிறதோ, பெரும்பாலும் அதுவே இடையூறு செய்யும் கருவி.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வந்துசேரும் ஜிபிஎஸ் சைகை மிகவும் நலிந்தது என்பதால், சில சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் கேமராவின் மின்சுற்றிலிருந்து கசியும் இரைச்சலே அதை மூழ்கடித்துவிடும். மாட்யூலைச் சிறு கம்பத்தில் உயர்த்திப் பொருத்துவதும், கேமராவுக்கும் அதற்கும் இடையே, மின்சுற்றின் கிரவுண்டுடன் (பேட்டரியின் எதிர்முனைக் கம்பியுடன்) இணைத்த செப்புத்தகடு நாடாவை ஒட்டுவதும் பெரும்பாலும் போதும். ஆன்டெனாவின் மேற்புறத்தை மட்டும் மூடிவிடக் கூடாது. 1.3 கிகாஹெர்ட்ஸ் வீடியோ டிரான்ஸ்மிட்டரானால் இவை போதாமல் போகலாம், 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே நல்லது.

செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் இச்சோதனை பயன்படாது. நாற்புறமும் எழும் சுவர்கள் தாழ்வான வானத்தை மறைப்பதால், எதை அணைத்தாலும் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும்; வற்றிய கண்மாயோ பொட்டலோதான் இதற்கு ஏற்ற இடம். கேமராவைத் தனியே அணைக்க முடியாத ஆயத்த ட்ரோன்களுக்கும் இது பொருந்தாது.