ப்ரோப் தோற்கும்போது ஒழுகும் கிளாக்

லினக்ஸ் கெர்னல் டிரைவரில் லீக் (வாங்கியதைத் திருப்பி விடாத பிழை) என்றதும் எல்லோரும் ஓடுவது மெமரி லீக்கைத் தேடும் கருவியான கேமெம்லீக்கிடம். நானும் ஓடினேன். ஸ்கேன் போட்டேன், ஒன்றும் சிக்கவில்லை. சிக்காதுதான். எந்தப் பாயிண்டரும் இல்லாமல் அநாதையாகக் கிடக்கும் மெமரியை மட்டுமே அது தேடும். கிளாக் (சிப்பை இயக்கும் துடிப்பு), ரெகுலேட்டர் (அதற்கு மின்னழுத்தம் தருவது), ரெஃபரன்ஸ் கவுன்ட் (ஒன்றை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு) எல்லாம் வெறும் எண்ணிக்கை. ஏறிக்கொண்டே போனாலும் அதன் கண்ணில் படாது.

கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டிபக்-எஃப்எஸ்ஸில் கிளாக் சம்மரியைத் திறந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அந்த கிளாக்கை என் டிரைவர் மட்டும்தான் பயன்படுத்துகிறது. எனேபிள் கவுன்ட் (ஆன் செய்து இன்னும் அணைக்காத தடவைகள்) 1 இருக்க வேண்டும், இருந்ததோ 5. மாட்யூலை இறக்கினால் 4. பூஜ்யத்துக்கு வரவே இல்லை.

ப்ரோப் (சாதனத்தைத் தயார்செய்ய கெர்னல் அழைக்கும் டிரைவர் ஃபங்க்ஷன்) முதலில் கிளாக்கை ஆன் செய்கிறது, அடுத்து ரெகுலேட்டரைக் கேட்கிறது. ரெகுலேட்டரின் டிரைவர் இன்னும் வராவிட்டால் கிடைப்பது மைனஸ் 517: ‘அப்புறம் வா’. கெர்னலும் பிறகு மறுபடி ப்ரோப்பை அழைக்கும். நாலு தடவை அப்படித் தோற்றபோதும் கிளாக்கை அணைக்காமல் நேரே ரிட்டர்ன். ஐந்தாவது தடவைதான் ஜெயித்திருக்கிறது.

சரிசெய்ய, ப்ரோப்பில் ஒவ்வொரு ரிட்டர்னிலும் விரல் வைத்து, அதுவரை என்னென்ன வாங்கியிருக்கிறோம் என்று எண்ணுங்கள். அந்த ரிட்டர்னை, ஃபங்க்ஷன் முடிவில் அவற்றை விடும் லேபிளுக்குத் தாவும் கோட்டூவாக மாற்றுங்கள். கடைசியில் வாங்கியது முதலில் போக வேண்டும். லேபிளுக்கு ‘எர்ர்1’ என்று பெயர் வைக்காதீர்கள். ‘டிஸேபிள்-கிளாக்’ என்று செய்கிற வேலையையே வையுங்கள். நடுவில் யாராவது ஒரு படி சேர்த்தால் எண்கள் குழம்பிவிடும்.

வன்பொருள் விவரங்களைத் தரும் டிவைஸ் ட்ரீயின் சைல்டு நோடுகளைச் சுற்றும் லூப்பும் ஒரு பொறி. அடுத்த சுற்றுக்குப் போகும்போது முந்தைய நோடின் ரெஃபரன்ஸை அதுவே விட்டுவிடும். பாதியில் பிரேக் ஆனால் கையிலிருப்பதை நாம்தான் விட வேண்டும்.

எல்லாவற்றையும் டெவ்எம்முக்கு (வாங்கியதை கெர்னலே தானாக விடும் முறை) மாற்றிவிடலாமே என்பார்கள். புது டிரைவருக்குச் சரி. பாதியை மட்டும் மாற்றினால் வம்பு: டெவ்எம்மில் வாங்கிய இன்டரப்ட் (வன்பொருள் தரும் அழைப்பு), ரிமூவ் (டிரைவரை இறக்கும்போது ஓடும் ஃபங்க்ஷன்) முடிந்த பிறகுதான் விடுபடும்; கிளாக்கை ரிமூவிலேயே அணைத்திருப்பீர்கள். இடையில் இன்டரப்ட் வந்தால் அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைத் தொடும். நான் கோட்டூவோடு நிறுத்திக்கொண்டேன். அந்தத் திருத்தம் பழைய ஸ்டேபிள் கிளைகளுக்கும் (இன்னும் பராமரிக்கப்படும் பழைய கெர்னல் பதிப்புகள்) சிரமமின்றிப் போகும்.

சோதிக்க, ரெகுலேட்டர் வாங்கும் இடத்தில் தற்காலிகமாக மைனஸ் 12 (‘மெமரி இல்லை’ என்ற பிழை எண்) திருப்புங்கள். இருபது தடவை ஏற்றி இறக்கி, கவுன்ட் பூஜ்யத்திலேயே நிற்கிறதா பாருங்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, தவறைக் கொண்டுவந்த கமிட்டின் (பதிவான மாற்றம்) அடையாளமான ஹாஷில் முதல் 12 எழுத்துகளை பேட்ச்சின் ‘ஃபிக்ஸஸ்’ வரியில் போட்டு அனுப்புங்கள்.