முதுசக் காணியில் மனைவிக்குப் பங்கு உண்டா? தேசவழமையில் பலரும் விடும் பிழைகள்

"மனுசன் போனால் எல்லாம் மனுசிக்குத்தானே" என்று யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மரணசாசனம் (உயில்) எழுதாமல் போனவரின் சொத்தில், யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமை அப்படிச் சொல்லாது. காணி எந்த வழியில் வந்தது என்றுதான் அது முதலில் பார்க்கும்.

பெற்றோர், பாட்டன், பாட்டி வழியில் இறங்கினது முதுசம். மற்ற உறவினர் வழியில் வந்தது உரிமை. கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கினது தேடிய தேட்டம். ஒருவருக்கு நல்லூரில் தகப்பன் வழி வந்த 4 பரப்பு (ஊர்க் காணி அளவு) வளவும், சம்பளக் காசில் கோண்டாவிலில் வாங்கின 8 பரப்புத் தோட்டமும் இருக்கிறது என்று வைப்போம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கக் காலமாகிவிட்டார். தோட்டத்தில் 4 பரப்பு மனைவிக்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு பரப்பு. வளவு முழுக்கப் பிள்ளைகளுக்கே. பிள்ளைகளும் பெற்றோரும் இல்லையென்றால் வளவு அவருடைய சகோதரங்களுக்குப் போகும். காலமெல்லாம் அந்த முற்றத்தைக் கூட்டினவளுக்கு அதில் ஒரு குழி நிலம்கூட இல்லை. நியாயமா என்று கேட்டால், என் மனசுக்கு இல்லை. ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் அப்படித்தான் சொல்கின்றன. மனைவிக்கும் கிடைக்க வேண்டுமென்றால், மரணசாசனமோ, சீவிய உருத்து (சாகும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்த நன்கொடை உறுதியோ உயிரோடு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

மரணசாசனம் என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதாது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். முறையாக எழுதினால் முதுசத்தையும் விரும்பியவருக்குக் கொடுக்கலாம். "முதுசத்தை எழுத ஏலாது" என்பது வெறும் ஊர்க்கதை.

வெளிநாட்டுக் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் பிழை இன்னொன்று. கனடாவில் இருக்கும் தகப்பன் அற்றோர்ணித் தத்துவம் (தன் சார்பில் இன்னொருவர் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருப்பார். அவர் காலமான பிறகும் இங்கே இருக்கிறவர் அதே கடதாசியை வைத்துக் காணியை விற்பார். கொடுத்தவர் இறந்த அன்றே அந்த அதிகாரமும் முடிந்துவிடும். வாங்கினவரின் உறுதியும் ஆட்டம்காணும்.

கிராம சேவகரின் கடிதத்தால் காணி பெயர் மாறாது.

பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்கிறவர்கள் பங்காளிகளுக்கு அறிவிக்காமல் விடுவதும் வழமை. முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதற்கென்று 1947இல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது. அறிவித்தல் கொடுக்காமல் விற்றால் வழக்குக்குப் போவார்கள்.

கலப்புக் கலியாணத்தில் கணக்கே மாறும். யாழ்ப்பாணப் பெண் தேசவழமைக்கு உட்படாத ஒருவரைக் கட்டினால், அந்தக் கலியாணம் நிலைக்கும்வரை அந்த வழமை அவளுக்குப் பொருந்தாது. மட்டக்களப்பிலிருந்து இங்கே கட்டி வந்த பெண்ணுக்கோ பொருந்தும். சட்டத்தரணியிடம் உறுதிக் கட்டை நீட்டுவதற்கு முன்னர் யார் எந்த ஊரவர், எப்போது கலியாணம் நடந்தது என்பதைச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.