போட்டது ஒன்று, வந்தது ஏழு: பைதன் பெக்கேஜ்களின் பதிப்பைப் பூட்டி வைக்கும் முறை

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் புத்தக இரவல் பதிய ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். பைதன் மொழியும், அதில் வலைப் புரோகிராம் எழுத உதவும் ஃபிளாஸ்க்கும்தான். 2023 ஒக்டோபரில் அங்கிருந்த கணினி பழுதாகி, வேறொன்று வந்தது. அதே புரோகிராமைப் போட்டு, அதே கட்டளையைத் தட்டினேன். ஓடவில்லை. "தம்பி, போன கிழமை வரைக்கும் நல்லாத்தானே வேலை செய்தது?" என்று நூலகம் பார்க்கும் அக்கா கேட்டார். வெர்க்சூக் என்ற பெக்கேஜிலிருந்து (பெக்கேஜ் என்பது பிறர் எழுதி வைத்து, நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோட்) 'யுஆர்எல் குவோட்' என்ற ஃபங்ஷனை எடுக்க முடியவில்லை என்று திரையில் நின்றது. வெர்க்சூக் என்ற பெயரை என் கோட்டில் நான் எங்குமே எழுதவில்லை.

நடந்தது இதுதான். நிறுவ வேண்டியவற்றின் பட்டியலில் ஃபிளாஸ்க் 2.2.2 என்று பதிப்பு எண்ணோடு எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்த ஃபிளாஸ்க்கோ வெர்க்சூக்கை நம்பி நிற்கிறது. 2.2.2 அல்லது அதற்கு மேல் எதுவென்றாலும் சரி என்று கேட்கிறது, மேல் எல்லை வைக்கவில்லை. 2023 செப்டெம்பர் 30 அன்று வெர்க்சூக் 3.0 வெளிவந்தது, அதில் 'யுஆர்எல் குவோட்' நீக்கப்பட்டிருந்தது. புதுக் கணினியில், பெக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவியான பிப், ஆகப் புதியதை இறக்கிக்கொண்டது. பழைய கணினியில் பழையதே இருந்ததால் அதுவரை ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பட்டியலில் வெர்க்சூக் 2.2.2 என்று ஒரு வரி சேர்த்து மறுபடி நிறுவினேன், ஓடியது.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைக் கீழே தருகிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: ஒவ்வொரு வேலைக்கும் தனி வீடு

புரோகிராம் இருக்கும் ஃபோல்டருக்குள் போய்:

பைதன் -எம் வென்வ் .வென்வ்

இதில் 'வென்வ்' என்பது வி, ஈ, என், வி என்ற நான்கு எழுத்து. இந்த வேலைக்கு மட்டுமான பெக்கேஜ்களை வைக்கும் தனி இடம் அது. விண்டோஸ் என்றால் .வென்வ் ஃபோல்டருக்குள் ஸ்கிரிப்ட்ஸ், அதற்குள் இருக்கும் அக்டிவேட்டை ஓட்டுங்கள். லினக்ஸ் என்றால் 'சோர்ஸ் .வென்வ்/பின்/அக்டிவேட்'. வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் .வென்வ் என்று தெரிந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள்.

ரியூசன் லாப் கணினிகளில் எல்லோரும் எல்லாவற்றையும் ஒரே பைதனுக்குள் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஃபிளாஸ்க் 2 வேண்டும், அடுத்தவருக்கு 3. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. உபுண்டு 23.04 முதல் கணினியின் சொந்தப் பைதனுக்குள் பிப்பால் நிறுவப் போனால் அதுவே மறுத்துவிடுகிறது. மறுப்பை மீறும் வழியை இணையத்தில் தேடாதீர்கள், வென்வ் உண்டாக்குங்கள்.

படி 2: நிறுவுங்கள், பிறகு எண்ணுங்கள்

பிப் இன்ஸ்டால் ஃபிளாஸ்க்
பிப் லிஸ்ட்

பட்டியலை நிதானமாகப் பாருங்கள். ஃபிளாஸ்க், வெர்க்சூக், ஜின்ஜா2, மார்க்அப்சேஃப், இட்ஸ்டேஞ்சரஸ், கிளிக், பிளிங்கர். ஒன்றைக் கேட்டோம், ஏழு வந்தது (பிப் தன் பெயரையும் காட்டும், அதை விடுங்கள்). விண்டோஸில் கலரமா என்று எட்டாவதும் வரும். உங்கள் புரோகிராம் இத்தனை பேருடைய உழைப்பின் மேல் நிற்கிறது.

பதிப்பு எண்ணை வாசிப்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2.2.3 என்றால் முதல் எண் மாறுவது பெரிய மாற்றம், பழைய கோட் உடையலாம். நடு எண் புது வசதி. கடைசி எண் பிழைதிருத்தம். இது எழுதுபவர்கள் பின்பற்ற முயலும் வழக்கம்தான், உத்தரவாதம் அல்ல.

படி 3: எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்

பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

இப்போது ஏழு பெயரும் சரியான எண்ணோடு ஃபைலில் இருக்கும். வேறு கணினியில் 'பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்றால் அதே எண்கள் வரும். இந்த ஃபைலைக் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்துவிடுங்கள். .வென்வ் ஃபோல்டரைச் சேர்க்க வேண்டாம், அதைக் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியல்) எழுதிவிடுங்கள்.

ஒரு குறை உண்டு. ஆறு மாதம் கழித்துத் திறந்தால், எது நீங்கள் கேட்டது, எது தானாக வந்தது என்று தெரியாது. அதற்குப் பிப்-டூல்ஸ் என்ற பெக்கேஜை நிறுவிக்கொள்வது நல்லது. ரிக்வயர்மென்ட்ஸ்.இன் என்ற ஃபைலில் 'ஃபிளாஸ்க்' என்று ஒரு வரி மட்டும் எழுதி, பிப்-கம்பைல் ஓட்டினால் முழுப் பட்டியலையும் அதுவே எழுதித் தரும். ஒவ்வொரு பெயரின் கீழும் 'வையா ஃபிளாஸ்க்' (ஃபிளாஸ்க் வழியாக) என்பதுபோல் யார் கூட்டி வந்தார்கள் என்ற குறிப்பும் இருக்கும்.

படி 4: இணையம் இல்லாத இடத்துக்கு

நெடுந்தீவில் ஒரு வாசிகசாலைக்கும் இதே புரோகிராம் கேட்டார்கள். இணைய இணைப்பு இல்லாத விண்டோஸ் கணினி. வீட்டில் என் லினக்ஸ் லப்டொப்பில்:

பிப் டவுன்லோட் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி -டி பொதிகள்

பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு குறிகட்டுவானில் படகேறினேன். அங்கே போய்:

பிப் இன்ஸ்டால் --நோ-இன்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் பொதிகள் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

மார்க்அப்சேஃபில் நின்றுவிட்டது. அதற்குள் சி மொழியில் எழுதித் தொகுத்த பகுதி இருப்பதால் லினக்ஸுக்கு ஒரு ஃபைல், விண்டோஸுக்கு வேறு ஃபைல். பெயரிலேயே இருக்கிறது: 'சிபி311' என்றால் பைதன் 3.11, பிறகு 'மெனிலினக்ஸ்' அல்லது 'வின்'. 'எனி' என்று முடிபவை மட்டும் எங்கும் போகும். கலரமாவும் என் பட்டியலில் இல்லை, விண்டோஸில்தான் கிளிக் அதைக் கேட்கும். ஒரு பயணம் வீணாயிற்று. ஆகவே, போகும் இடத்தில் உள்ள அதே இயங்குதளம், அதே பைதன் பதிப்பு உள்ள கணினியிலேயே பட்டியலையும் எடுத்து, இறக்கவும் செய்யுங்கள்.

படி 5: புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முன்

2016 மார்ச் 22 அன்று ஜாவாஸ்கிரிப்ட் உலகில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பெக்கேஜை எழுதியவரே நீக்கிவிட, அதை மறைமுகமாக நம்பியிருந்த ஏராளமான புரொஜெக்ட்கள் அன்று நின்றன. அவ்வளவு சின்ன வேலையை நாமே எழுதிவிடலாம். திகதியோடு தமிழ் மாதப் பெயர் காட்ட ஒரு பெக்கேஜ் தேடி வந்த தம்பியிடம், சித்திரை முதல் பங்குனி வரை 12 பெயரை ஒரு பட்டியலில் எழுதச் சொன்னேன். பெயரைத் தட்டும்போது எழுத்தையும் பாருங்கள். பிரபலமான பெக்கேஜின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, தீங்கான கோட்டைப் பதிவேற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

படி 6: புதுப்பித்தல்

பூட்டியதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. மாதம் ஒருமுறை 'பிப் லிஸ்ட் --அவுட்டேட்டட்' ஓட்டுங்கள், எவற்றுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று காட்டும். பிப்-ஓடிட் நிறுவி ஓட்டினால், அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டை உள்ளவற்றைச் சொல்லும், அவற்றை முதலில் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்று, ஓட்டிப் பார்த்து, கிட்டில் கொமிட் (பதிவு) செய்து, பிறகுதான் அடுத்தது. நாளைக்குப் புரொஜெக்ட் காட்ட வேண்டும் என்றால் இன்றிரவு தொட வேண்டாம்.

எல்லாம் முடிந்ததா? இப்போது .வென்வ் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு, படி 1இலிருந்து மறுபடி உண்டாக்கி, ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை மட்டும் வைத்து நிறுவிப் பாருங்கள். ஓடவில்லை என்றால், எந்தப் பெயரைக் காணவில்லை என்று பிழைச் செய்தியின் கடைசி வரி சொல்லும்.