பழைய ரேஸ் ஃபேரிங்கா? முதலில் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

சோழவரம் விமானத் தளத்தில் ரேஸ் நடந்த காலத்திலேயே வடசென்னைக்குப் பிடித்த பைத்தியம் பைக் ரேஸ். ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது, பைத்தியம் மட்டும் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தங்கிவிட்டது. டிராக்கில் ஓட்ட ஆரம்பித்த பையன்கள், பைக்கின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடும் உறையான கம்பெனி ஃபேரிங்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, யாராவது ஓட்டிக் கழித்த ரேஸ் ஃபேரிங்கைத் தேடுவார்கள். நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் தடவை செய்த எதுவுமே சரியில்லை.

அதை ராத்திரி எட்டு மணிக்கு, மூலக்கடை மேம்பாலத்துக்குக் கீழே, செல்போன் வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன். முன்பக்கம் பளபளவென்று இருந்தது. உள்பக்கம் புதுசாகக் கறுப்பு அடித்திருந்தார்கள். 'எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்' என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உப்புத்தாள் போட்டால், கறுப்புக்குக் கீழே ஒட்டுமேல் ஒட்டு. வெளியே அரை விரல் தடிமனுக்கு லப்பம்.

யாரும் பார்க்காத உள்பக்கத்துக்கு ஒருவர் செலவு செய்து பெயின்ட் அடிக்கிறார் என்றால் காரணம் இருக்கும். கார் வாங்குபவர்கள் காந்தம் வைத்து லப்பத்தைக் கண்டுபிடிப்பார்கள். ரேஸ் ஃபேரிங்கோ ஃபைபர், அதில் காந்தம் எங்கே ஒட்டும்? ஐந்து ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று ஒரே மாதிரி பேசும். அடுக்கு விட்டுப்போன இடமும் லப்பம் தடித்த இடமும் 'தொப்' என்று செத்த சத்தம் போடும். பெயின்ட் இல்லாத ஃபைபராக இருந்தால் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள், விரிசல் வெள்ளை நட்சத்திரமாகத் தெரியும். பகலில் போங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யமஹா பைக்குக்கு வெறுமனே 'ஆர்15 ஃபேரிங்' என்று கேட்டு வாங்குவது அடுத்த தவறு. வி2, வி3, வி4 மாடல் மூன்றும் வேறு வேறு. கேடிஎம் ஆர்சி 390-யிலும், 2022-ல் வந்த மாடலில் முந்தைய மாடலின் ஃபேரிங் உட்காராது. முன்பக்கம் தாங்கும் ஸ்டே கம்பியையும் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாமல் வாங்கினால் வெல்டிங் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடந்தே ஒரு மாதம் போய்விடும்.

அப்புறம், கையில் இருப்பது என்ன பொருள் என்று தெரியாமலே ஒட்டத் தொடங்குவது. கம்பெனி ஃபேரிங் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், உள்பக்கம் அச்சில் எழுதியிருக்கும். ரேஸ் ஃபேரிங் பெரும்பாலும் கண்ணாடி நார் மேட்டும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்தது, அதாவது காசிமேட்டு ஃபைபர் போட்டின் அதே சாமான். ஏபிஎஸ்மேல் அந்த ரெசினைப் போட்டால் ரொம்ப நாள் நிற்காது, அதற்கு பிளாஸ்டிக் வெல்டிங்தான். ஃபைபருக்கோ நம் ஏரியாவில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. காசிமேட்டில் ஃபைபர் போட் ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கொண்டு போனேன். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இது அட்டை மாதிரி கீது. போட்டுக்குப் போடுற மாதிரி போட்டா வெயிட்டு ஏறிடும், பரவால்லியா?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருக்கிறது. அலையைத் தாங்க வேண்டிய தடிமன் வேறு, பைக்குக்கு வேண்டியது வேறு. விரிசலின் உள்பக்கத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, மெல்லிய மேட் இரண்டு அடுக்கு போதும். வெளியே நிரப்ப லப்பம் பூச்சு அளவுக்கு மட்டும். நீங்களே கலப்பதாக இருந்தால் ஒன்று: ரெசின் வேகமாக இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும், அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட் முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் ஹார்ட்னர்.

இன்ஜினுக்குக் கீழே வரும் ஃபேரிங் பாகமான கீழ்த்தொட்டியை யாரும் கவனிப்பதில்லை. ரேஸில் அது அழகுக்கு இல்லை. இன்ஜின் உடைந்தால் ஆயிலும் கூலன்ட்டும் டிராக்கில் கொட்டாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய பாத்திரம் அது. அந்த இரண்டின் மொத்தத்தில் பாதி அளவாவது தாங்க வேண்டும் என்பது சர்வதேச ரேஸ் விதி. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஒழுகினால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். மழை நாளில் திறக்கிற வடிகால் ஓட்டையை லப்பத்தால் அடைத்துவிடாதீர்கள், அதற்கு ரப்பர் மூடி போதும்.

பெயின்ட் அடித்த பிறகு மாட்டிப் பார்ப்பதுதான் எனக்கு அதிகம் வலித்த தவறு. துளை ஒரு இஞ்ச் தள்ளியிருந்தது, பெயின்டுக்கு மேலே அடிக்கும் பளபளப்புப் பூச்சான புது கிளியர் கோட்மேல் டிரில் வைத்தேன், துளையைச் சுற்றிச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. மொட்டையாகவே மாட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு, துளைகளைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து முடித்துவிடுங்கள். பெயின்ட் கடைசி.

பெயின்டில் பாதி வேலை துடைப்பதுதான். பழைய ஸ்டிக்கர் பசை, பாலிஷ், அச்சிலிருந்து வந்த மெழுகு எல்லாவற்றையும் மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகே உப்புத்தாள். முதலில் தேய்த்தால் மெழுகு உள்ளே இறங்கி, பெயின்ட் மீன் கண் மாதிரி விலகி நிற்கும். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு தங்கும். பழைய பெயின்டை எடுக்க ரிமூவர் ஊற்றினால் ரெசினையும் சேர்த்துத் தின்னும். பிரைமர் அடித்ததும் ஊசித் துளைகள் தெரியும், சோம்பல் படாமல் ஒவ்வொன்றாக அடையுங்கள். இல்லாவிட்டால் வெயிலில் அவையே கொப்புளமாகும்.

இனி நம் ஊர்க் காற்று. மதியம் கடல்காற்று ஏறினால் ஈரமும் உப்பும் சேர்ந்து வரும். மணலி, எண்ணூர் பக்கம் என்றால் கன்டெய்னர் லாரிப் புழுதியும் கூடவே. காலைப் பனி காய்ந்து, காற்று திரும்புவதற்குள் அடித்து முடிக்கப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்காதீர்கள். திறந்து வைத்த பழைய பியு (பாலியூரித்தேன்) பெயின்ட் ஹார்ட்னர் ஈரத்தை இழுத்துக் கெட்டிருக்கும். அந்த ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் அதற்குத் தடையே இல்லை. கிளியர் கோட்டை மட்டுமாவது முறையான பூத் இருக்கும் பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஹெட்லைட் இல்லாத இந்த உடுப்போடு எண்ணூர் விரைவுச் சாலையில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். டிராக்குக்குக் குட்டி யானையில் ஏற்றித்தான் போக வேண்டும். அதிலும் அவசரம் ஆகாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் பியு பெயின்ட் முழுசாக இறுக ஒரு வாரம் ஆகும். நான் மறுநாளே ஏற்றி, கீறல் விழாமல் இருக்கக் கோணிப்பை சுற்றி, கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டினேன். கீறல் ஒன்றுகூட விழவில்லை. வலது பக்கம் முழுக்கக் கோணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது.