கூலர் மாட்டும்போது தெர்மல் பேஸ்ட்: எவ்வளவு, எப்படி

‘சிபியு’ என்றால் நம் ஊரில் பாதிப் பேருக்கு மொத்த கேபினட்தான். இங்கே பேசப்போவது அதற்குள் மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் ப்ராசஸர், அதன் தலையில் ஏறும் கூலர், இரண்டுக்கும் நடுவே வைக்கிற சாம்பல் நிறப் பசை.

அந்தப் பசை எதையும் குளிர்விக்காது. ப்ராசஸரின் உலோக மூடியும் கூலரின் அடித்தட்டும் கண்ணுக்கு மழமழவென்று தெரிந்தாலும், நுணுகிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். பள்ளத்தில் காற்று நிற்கும். காற்றின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.026, செம்புக்கு 400ஐ ஒட்டி வரும், பேஸ்ட் உறைகளில் 4 முதல் 14 வரை போட்டிருப்பார்கள் (எல்லாம் வாட்/மீட்டர்-கெல்வின் கணக்கு). காற்றைவிடப் பேஸ்ட் நூறு மடங்குக்கு மேல் தேவலை, செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் பள்ளத்தை அடைக்கிற அளவு போதும். மிச்ச வேலை கூலர் கொடுக்கும் அழுத்தத்துடையது. எந்த பிராண்டு வாங்கலாம் என்று ஒரு வாரம் அலசுகிறவர்கள் ஸ்க்ரூவை ஒழுங்காக இறுக்க ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை. சூட்டுப் புகார்களில் பல அங்கிருந்துதான் வருகின்றன.

வாங்க வேண்டியவை

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை போனால் எல்லாம் கிடைக்கும். 4 கிராம் சிரிஞ்ச் ஒன்று: ஆர்க்டிக் எம்.எக்ஸ்-4, எம்.எக்ஸ்-6, நாக்டுவா என்.டி-எச்1 இவற்றில் எது கிடைத்தாலும் சரி. இவை மின்சாரம் கடத்தாதவை. ஓரத்தில் வழிந்தாலும் ஷார்ட் ஆகாது. டிவி மெக்கானிக்குகள் டப்பாவிலிருந்து வழித்துப் பூசும் வெள்ளை ஹீட்சிங்க் காம்பவுண்டை வாங்காதீர்கள். டிரான்சிஸ்டருக்கு அது போதும், நூறு வாட்டைத் தாண்டும் ப்ராசஸருக்குப் பத்தாது. பேஸ்ட்டுக்குப் பதிலாக விற்கும் திரவ உலோகம், லிக்விட் மெட்டல், முதல் முறை செய்பவருக்கு வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும், மதர்போர்டில் சொட்டினால் ஷார்ட்.

அடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஐபிஏ என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். 99 சதவீதம் நல்லது. 70 சதவீதம்தான் கிடைத்ததென்றால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. துடைத்தபின் கூடுதலாகச் சில நிமிடம் காயவிடுங்கள். கிளிசரின் கலந்த சானிடைசரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பிசுக்கு விட்டுப்போகும். துடைக்க, மூக்குக் கண்ணாடிக்குத் தரும் மைக்ரோஃபைபர் துணி. வெளிநாட்டு வீடியோக்களில் ‘காபி ஃபில்டரால் துடை’ என்பார்கள். அவர்கள் சொல்வது காகித வடிகட்டி. நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரை நிம்மதியாக விட்டுவிடலாம். பஞ்சு வேண்டாம், இழை பிரிந்து ஒட்டிக்கொள்ளும்.

கூலர் வாங்கும் முன் சாக்கெட்டை, அதாவது மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்தை, பாருங்கள். இன்டெல் எல்ஜிஏ 1200, 1151 சாக்கெட் உள்ள போர்டுகளில் கூலர் துளைகள் 75 மி.மீ. சதுரம், எல்ஜிஏ 1700ல் 78 மி.மீ. பழைய கூலரை 1700ல் போட வேண்டுமென்றால் அதற்கான பிராக்கெட் தனியாக வேண்டும். துளை ஒத்துவராததை இழுத்து அமுக்கி மாட்டினால் அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பழைய கூலரைக் கழற்றுவது

முதலில் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிடுங்கள். சூட்டில் பழைய பேஸ்ட் இளகும். பிறகு ஷட்டவுன், எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) பின்னாலுள்ள சுவிட்ச் ஆஃப், பவர் கார்டை உருவுங்கள். அதன்பின் பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்தினால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள், அதாவது ரைசன் 1000 முதல் 5000 வரிசை வரை, இந்தப் பத்தியை இரண்டுமுறை படியுங்கள். அந்த ப்ராசஸரின் அடியில் 1331 ஊசிகள் உண்டு. லீவர் பூட்டியிருந்தாலும், காய்ந்த பேஸ்ட் பிடித்த கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், ஊசிகள் வளையும். ஸ்க்ரூ எல்லாம் கழன்றபின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள், ஜாம் பாட்டில் மூடியைத் திறக்கிற மாதிரி. பிடி விட்டது கைக்கே தெரியும். அப்புறம் தூக்குங்கள். மீறி ப்ராசஸர் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டால், பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலை இரண்டுக்கும் நடுவே விட்டு அறுத்துப் பிரியுங்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். ஊசி வளைந்திருந்தால் லெட் போடாத மைக்ரோடிப் பென்சிலின் முனையை ஊசியில் மாட்டி, துளித்துளியாக நிமிர்த்தலாம். ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5லும் இன்டெலிலும் ப்ராசஸரை உலோகச் சட்டம் பிடித்திருப்பதால் இந்தப் பயம் இல்லை.

துடைக்கும்போது முதலில் உலர்ந்த டிஷ்யூவால் பேஸ்ட்டை ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்தெடுங்கள். எடுத்த எடுப்பில் ஐபிஏ ஊற்றினால் அது கரைந்து நாலாபக்கமும் ஓடும். பிறகு துணியில் நாலைந்து சொட்டு விட்டுத் துடைக்கவும், துணியில் சாம்பல் கறை வராதவரை. கூலரின் அடித்தட்டுக்கும் இதே வேலை. துடைத்த பரப்பை விரலால் தொடக்கூடாது, கையெண்ணெய் படியும். இன்டெல், ஏஎம்5 போர்டுகளில் ப்ராசஸரை எடுக்காமலே துடைப்பதுதான் பாதுகாப்பு, சாக்கெட் ஊசிகள் திறந்திருக்கும்போது மேலே எதையும் கொண்டுபோகாதீர்கள்.

மே மாதத்தில் இந்த வேலை செய்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஃபேனைப் போட்டால் மின்விசிறி இறக்கையில் படிந்த தூசி ஈரமான பேஸ்ட்டில் விழும். நிறுத்தினால் நெற்றி வியர்வை மதர்போர்டில் சொட்டும். ஏசி அறை இருந்தால் அங்கே உட்காருங்கள். இல்லையென்றால் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, பேஸ்ட் வைத்துக் கூலரை இறக்கும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் ஃபேனை நிறுத்துங்கள்.

எவ்வளவு?

ப்ராசஸரோடு வந்த கூலராக இருந்தால் அடியைத் திருப்பிப் பாருங்கள். இன்டெல் கூலரில் மூன்று சாம்பல் பட்டைகளும், ஏஎம்டி கூலரில் ஒரு சதுரமுமாகக் கம்பெனியே பேஸ்ட் பூசி அனுப்பும். அது புதிதாக, கை படாமல் இருந்தால் மேலே எதுவும் வைக்காதீர்கள், அப்படியே மாட்டலாம். ஒருமுறை மாட்டிக் கழற்றியதென்றால் அதன் கதை முடிந்தது; துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

தனியாக வாங்கிய கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? சிரிக்க வேண்டாம். அதை உரிக்காமல் மாட்டிவிட்டு ‘புது கூலரிலும் 95 டிகிரி’ என்று கடைக்குத் திரும்ப வருகிறவர்கள் உண்டு.

இனி அளவு. ஏஎம்4 ப்ராசஸரின் மூடியைத் தாராளமாக 40க்கு 40 மி.மீ. என்று வைத்தால் 1600 சதுர மி.மீ. அதன்மேல் 0.1 மி.மீ. கனத்தில் பேஸ்ட் பரவினால் 160 கன மி.மீ. இந்தப் பேஸ்ட்டுகள் ஒரு மில்லிலிட்டருக்கு 2.5 கிராம் அளவில் இருப்பதால், அது 0.4 கிராம். நல்ல அழுத்தத்தில் படலம் அதைவிட மெலிந்துதான் நிற்கும். ஆக 0.2 முதல் 0.3 கிராம் தாராளம். ஒரு 4 கிராம் சிரிஞ்சில் பன்னிரண்டு தடவைக்குக் குறையாமல் வரும். எல்லோரும் சொல்லும் ‘பட்டாணி அளவு’ இதுதான். மளிகைக் கடையில் காய்ந்து கிடக்கும் பட்டாணி. மெரினாவில் தேங்காய் மாங்காயோடு வரும் சுண்டல் பட்டாணி இல்லை. ஊறி வெந்த அது இரண்டு மூன்று மடங்கு பெரிது.

நாள்பட்ட சிரிஞ்சென்றால் முதலில் கொஞ்சம் காகிதத்தில் பிதுக்குங்கள். எண்ணெய் பிரிந்து மேலே நின்றிருக்கும். முதலில் வருவது தண்ணியாகவும் பளபளப்பாகவும் இருக்கும். ஒரே நிறத்தில், இட்லி மாவை விடக் கெட்டியாக வரத் தொடங்கியதும் ப்ராசஸருக்குப் போகலாம். பொடிப்பொடியாக உதிர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

புள்ளியா, கோடா, பெருக்கல் குறியா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. மூடியின் வடிவம் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். சதுர மூடிக்கு நடுவில் ஒரு பட்டாணி போதும். எல்ஜிஏ 1700, 1851 மூடிகள் நீள்வாக்கில் இருப்பதால், நடுப்புள்ளி இரு முனைகளையும் எட்டாமல் போகலாம். நீளவாக்கில் மெல்லிய கோடு ஒன்று இழுங்கள், இரு ஓரத்திலும் 5 மி.மீ. விட்டு. ஏஎம்டி மூடியும் சதுரம்தான்; ஆனால் அதன் பல ப்ராசஸர்களில் கணக்கிடும் சில்லுகள் மூடியின் நட்டநடுவில் இல்லாமல் ஒதுங்கி இருக்கின்றன, ஆகவே மூலைகளும் நிரம்ப வேண்டும்: மெல்லிய பெருக்கல் குறி நல்லது. ஏஎம்5 மூடியைச் சுற்றிலும் பல் பல்லாக வெட்டிவிட்டு, இடுக்குகளில் குட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அதிகம் வைத்தால் பேஸ்ட் அந்த இடுக்குகளில் இறங்கும். கெடுதல் இல்லை, ஆனால் அடுத்தமுறை டூத்பிரஷ் எடுத்து உட்கார வேண்டும். அதற்குப் பேஸ்ட்டோடு வரும் குட்டிக் கரண்டியால் மெல்லத் தடவிவிடுவதே வசதி.

குறைந்தால் மோசம், கூடினால் அசிங்கம். சந்தேகம் வந்தால் ஒரு துளி கூட்டியே வையுங்கள். மிஞ்சியதை அழுத்தம் ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

மாட்டுவது

கூலரை நேர்மேலே பிடித்து, துளைகளைப் பார்த்துக்கொண்டு, ஒரே இறக்காக இறக்குங்கள். பேஸ்ட்டைத் தொட்டபின் திரும்பத் தூக்கக்கூடாது. தூக்கினால் பேஸ்ட் நூல் நூலாக இழுபட்டு, மறுபடி வைக்கும்போது நடுவில் காற்றுக் குமிழி சிக்கும். ‘சரியாகப் பரவியதா என்று பார்ப்போம்’ என்று எடுத்துவிட்டால், துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

நான்கு ஸ்க்ரூவையும் முதலில் மரை பிடிக்கும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். பிறகு மேல்-இடது, கீழ்-வலது, மேல்-வலது, கீழ்-இடது என்று குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று. ஸ்க்ரூ தானாக நிற்கும்வரை இந்த வரிசையிலேயே வாருங்கள். ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் பேஸ்ட் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். ஒரு பக்கம் உலோகம் உலோகத்தைத் தொடும், மறுபக்கம் கனமாகப் பேஸ்ட் நிற்கும். ஸ்ப்ரிங் உள்ள ஸ்க்ரூ நின்றபிறகும் முறுக்கினால் போர்டுதான் வளையும்.

இன்டெலோடு வரும் கூலரில் ஸ்க்ரூ கிடையாது, நான்கு பிளாஸ்டிக் பின்கள். சொதப்பல் அதிகம் நடப்பது இதில்தான். தலைகளில் உள்ள அம்புக்குறியின் பக்கம் திருப்பினால் கழலும். ஆகவே மாட்டும் முன் நான்கையும் எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். குறுக்காக இரண்டிரண்டாக, ‘டக்’ என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். அழுத்தும்போது போர்டு வளைவதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் அதிகம். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்துச் செய்தால் கையும் கண்ணும் எட்டும். முடிந்ததும் போர்டின் முதுகைப் பாருங்கள்: நான்கு துளையிலும் வெள்ளைக் கால்கள் விரிந்து, அவற்றின் நடுவே கறுப்பு ஊசி எட்டிப்பார்க்க வேண்டும். மூன்றில் மட்டும் தெரிந்தால் நான்காவது மூலை தூக்கி நிற்கிறது.

கடைசியாக ஃபேன் வயரை ‘சிபியு ஃபேன்’ என்று போட்டிருக்கும் முனையில் செருகுங்கள்.

சோதனை

வெப்பநிலை காட்டும் மென்பொருளான கோர் டெம்ப் அல்லது எச்டபிள்யூ இன்ஃபோவைத் திறந்து வைத்து, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச்சைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எவ்வளவு டிகிரி என்பதைவிட எப்படி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். ஓடத் தொடங்கிய இரண்டு மூன்று விநாடியில் 60 வாட் ப்ராசஸர் 90ஐத் தொட்டால் கூலர் சரியாக ஒட்டவில்லை: உரிக்காத தாள், பூட்டாத பின், போதாத பேஸ்ட். ஐந்தாறு நிமிடம் எடுத்து மெல்ல மெல்ல ஏறினால் பேஸ்ட் மேல் பழி போடாதீர்கள். கேபினட்டில் காற்று போக வழியில்லை, அல்லது ஹீட்சிங்க், அதாவது கூலரின் உலோகத் தகடுகள், இடுக்கில் தூசி. ஒரு கோர் (ப்ராசஸருக்குள் கணக்கிடும் பிரிவுகளில் ஒன்று) மட்டும் மற்றவற்றைவிட 15, 20 டிகிரி எகிறினால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம்.

ரைசன் 7600எக்ஸ், 7700எக்ஸ் போன்றவை மட்டும் விலக்கு. முழுச் சுமையில் 95 டிகிரியில் போய் நிற்கும்படியே ஏஎம்டி அவற்றை அமைத்திருக்கிறது.

இணைய விமர்சனங்களில் 68 டிகிரி, நம் வீட்டில் 81 என்றால் உடனே கழற்ற வேண்டாம். அவர்கள் சோதிப்பது 22 டிகிரி அறையில். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத சென்னை அறை 35. அந்த 13 டிகிரி வித்தியாசம் அப்படியே ப்ராசஸர் கணக்கில் ஏறும். உலகத்திலுள்ள எந்தப் பேஸ்ட்டாலும் அதைக் குறைக்க முடியாது.

மறுபடி எப்போது மாற்றுவது? நல்ல பேஸ்ட் நாலைந்து வருடம் தாங்கும். அதற்குமுன் சூடு கூடினால் முதலில் ப்ளோயர் எடுத்துத் தூசியை ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் போகும். ஊதியும் இறங்கவில்லையென்றால்தான் சிரிஞ்சைத் தேட வேண்டும். அது மூடி இறுக்கி, ஜிப் கவரில் போட்டு, பீரோவில் இருந்தால் நல்ல நிலையில் இருக்கும். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணில் போட்டு வைத்திருந்தால் புதிதே வாங்கிவிடுங்கள்.