குட்டை ஸ்டூலும் சயாட்டிகாவும்: என் அனுபவம்

எனக்குச் சயாட்டிகா, அதாவது கீழ்முதுகில் நரம்பு அழுத்தப்பட்டுக் காலுக்கு இறங்கும் வலி. ரங்கூன் டீக்கடைகளின் குட்டை பிளாஸ்டிக் ஸ்டூல்தான் அதற்கு முதல் எதிரி. அதில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போகும், கீழ்முதுகு கூன்போடும், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் உள்ளே உள்ள கூழ் பின்பக்கம் தள்ளப்படும். காலுக்குப் போகும் நரம்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எந்த டிஸ்க் எந்த வேரை அழுத்துகிறது என்று முதலில் பார்க்கணும். வலி கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரலுக்கு இறங்கி, ஒற்றைக்காலில் எம்பி நிற்க முடியாவிட்டால் பெரும்பாலும் எல்5-எஸ்1, அதாவது கீழ்முதுகின் கடைசி டிஸ்க். பெருவிரல் மரத்து, அதை மேலே தூக்க வலு இல்லையென்றால் அதற்கு ஒரு படி மேலே உள்ள எல்4-எல்5. எனக்கு முதலாவது.

செய்தது இதுதான்: குப்புறப் படுத்து 2 நிமிடம். முழங்கையை ஊன்றி இன்னொரு 2 நிமிடம். பிறகு இடுப்பைத் தரையிலேயே விட்டு, கையால் மார்பை மட்டும் உயர்த்தி 10 தடவை. பகலில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி காலைவிட்டு முதுகுக்கு ஏறினால் நல்ல அறிகுறி, முதுகு சற்றே கூடுதலாக வலித்தாலும் சரி. பாதத்தை நோக்கி இறங்கினால் நிறுத்திவிடணும். எல்லோருக்கும் இது ஒத்துவராது.

பின்தொடை இழுக்கிறதே என்று குனிந்து கால்விரலைத் தொடுவதுதான் பலர் செய்யும் தப்பு. இழுப்பது தசை இல்லை, நரம்பு. இழுக்க இழுக்க இன்னும் சீறும். இரவில் டிஸ்க் நீர் ஊறிப் பருத்திருக்கும் என்பதால், எழுந்த முதல் 1 மணி நேரம் குனியவே கூடாது.

உட்கார்வது ஒரு தடவைக்கு 20 நிமிடம்தான். படுக்கை 2 நாளுக்கு மேல் வேண்டாம், நடக்கணும். பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் அடங்கும். எம்ஆர்ஐ எடுக்க அவசரப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அதில் டிஸ்க் பிதுக்கம் தெரியும். ஆனால் மூத்திரம் அடைத்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.