ஒரு கப் மாவு எத்தனை கிராம்?

கேக் குறிப்பில் 250 கிராம் மைதா என்று இருக்கும். வீட்டில் தராசு இருக்காது. ஒரு கப் 250 மில்லிதானே, அப்போ ஒரு கப் மாவு போதும் என்று அளந்துவிடாதீர்கள். அந்தக் கணக்கு தண்ணீருக்குத்தான் சரி. பாலுக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும். 240 மில்லி கப்பில் மைதா 120 முதல் 130 கிராம்தான் பிடிக்கும். அதே கப்பில் சர்க்கரை சுமார் 200 கிராம், வெண்ணெய் 225, எண்ணெய் 220. ஆக, 250 கிராம் மைதாவுக்கு இரண்டு கப் வேண்டும்.

மாவில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட ஏறிவிடும், கேக் இறுகிப் போகும். முதலில் மாவைக் கரண்டியால் கிளறிவிட்டு, கப்பில் மெதுவாகப் போட்டு, மேலே கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். கப்பைத் தட்டவே கூடாது.

அப்புறம், குறிப்பு எந்த ஊருடையது என்றும் பாருங்கள். அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. ஆஸ்திரேலியாவில் டேபிள்ஸ்பூன்கூட 20 மில்லி. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 15.

இட்லி மாவுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அரிசிக்கும் உளுந்துக்கும் ஒரே டம்ளரில் அளந்தால் போதும்.